நாற்பத்திரண்டு டன், நூறு கிராம்

செப்டம்பரில் ஹால்வர்சனுக்கு
லாரிக்கு முன்னால் தூசி வந்து சேரும்.

சஸ்காச்சுவான் வெயில். எடைமேடை மேல்
வெர்ன் ஃப்ரீசனின் வண்டி.
நாற்பத்திரண்டு டன் மைசூர்ப் பருப்பு,
தோல் உரிக்காதது, சிட்டுக்குருவி நிறம்.
எனக்கு வேண்டியது அதில் நூறு கிராம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று
வேலைக்கு வந்த முதல் வாரம்
மேற்பார்வையாளர் கோரினிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன்.
"பானையைக் கிண்டினார்களா?"
அவ்வளவுதான் கேட்டாள்.
அன்றிலிருந்து அந்தப் பழமொழிக்குள்
ஓர் அகப்பையைத் தேடுகிறேன்.

லாரியை யாரும் கிண்டுவதில்லை.
நாற்பது மைல் சரளைச் சாலைக் குலுக்கலில்
பொடிமண் அடிக்கு இறங்கும், சருகு மேலே வரும்,
பள்ளத்து வயலில் நனைந்து கறுத்தது
ஏதோ ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும்.
அதற்குத்தான் இந்தப் பித்தளைக் குழாய்,
என்னைவிட ஓரடி உயரம்.
குத்தும் இடத்தை என் கை தீர்மானிக்கக் கூடாது.
கை சோம்பேறி,
எட்டிய இடத்தையே நல்ல இடம் என்னும்.
சுவரில் ஒட்டிய படம் சொல்கிறது:
முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு,
ஒவ்வொன்றும் தரை தட்டும்வரை.

வாளி நிறைந்ததும் பிரிப்பான் கூம்பில் கொட்டுகிறேன்.
பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.
பாதியில் பாதி. அதிலும் பாதி.
எது எந்தப் பக்கம் விழும் என்று
பருப்புக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

பிறகு வெள்ளைத் தட்டு, இடுக்கி.
கறுத்தவை. உடைந்தவை. ஒரு கோதுமை.
ஒரு வண்டின் கால், வண்டு இல்லாமல்.
"இரண்டு புள்ளி மூன்று சதவீதம். இரண்டாம் தரம்."

ஃப்ரீசன் தொப்பியைக் கழற்றி
மறுபடி போட்டுக்கொண்டார்.
"இன்னொரு தடவை எடு."
என்னிடம் உங்கள் பருப்பு வேகாது என்று
மனதுக்குள் தமிழில் சொல்லிச் சிரித்துவிட்டு
எடுத்தேன்.
ஒன்று புள்ளி ஒன்பது.
முதல் தரத்தின் கோடு இரண்டில் இருக்கிறது.

"அப்படியானால் முதலில் சொன்னது பொய்யா?"

பொய் இல்லை. இரண்டும் இதே லாரிதான்.
எண்ணுக்கும் நடுக்கம் உண்டு என்பதைச்
சொல்ல வரவில்லை எனக்கு,
உள்ளங்கையை நீட்டி லேசாக ஆட்டிக் காட்டினேன்.
அவர் தன் கையைப் பார்த்தார்.
அது ஆட்டாமலே ஆடிக்கொண்டிருந்தது.

விதிப்படி சராசரி. இரண்டு புள்ளி ஒன்று.
அந்த ஒன்றில் அவருக்கு எவ்வளவு போயிற்று என்று
நான் கணக்குப் போடவில்லை.
வீடு போகும் வழியில் அவர் போட்டிருப்பார்.

போன குளிர்காலம், லாரிகள் வராத ஒரு மதியம்,
குடிமக்கள் கணக்கெடுப்பில் இந்த ஊரைப் பிரித்துப் பார்த்தேன்.
தாய்மொழி தமிழ்: ஐந்து.
கடைத்தெருவில், தபால் நிலையத்தில், பனிச்சறுக்கு அரங்கில்
எட்டு வருடமாக நான் ஒருத்திதான்.

அடிக்குறிப்பு விளக்கியது:
யாரையும் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று
சின்ன எண்களைக் குலுக்கிப் போட்டு
பூஜ்ஜியமாகவோ ஐந்தாகவோ ஆக்குவார்களாம்.
எனக்கு ஐந்து விழுந்தது.
மற்றது விழுந்திருந்தாலும்
அது என் நன்மைக்காகவே இருந்திருக்கும்.

சில நாள் அந்த நால்வரோடு பழகினேன்.
ஒருத்திக்கு என்னைப் பிடிக்காது.
ஒருவர் பனியில் என்னைவிட நன்றாக வண்டி ஓட்டுவார்.
இருவர் இன்னும் கதவைத் திறக்கவில்லை.

மாதிரி என்ற சொல்லைக் கோரினுக்கு
இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை.
அதற்கு 'போல' என்றும் பொருள் என்றால்
யார் போல என்று கேட்பாள்.

ஃப்ரீசனின் நூறு கிராமை உறையிலிட்டு ஒட்டினேன்.
ஆறு மாதம் அலமாரியில் இருக்க வேண்டும்.
உறை மேல் எண் எழுதினேன்.
பெயர் எழுதக் கூடாது.